ஆடாமல் நின்ற ஏழு

அழகர்சாமி சாரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி ஓசூர் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தக் கம்பெனியிலும் இருந்திருக்க மாட்டார். கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார மாட்டார். மோதினால் முதலில் அங்கேதான் அடிபடுமாம். கடைசி சீட்டும் ஆகாது. பின்னால் லாரி வந்து இடித்தால் என்ன செய்வது? நடுவில், ஜன்னலோரம் இல்லாத இடமாகப் பார்த்து, பையை மடியில் வைத்து, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவார். ராத்திரி அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரையும் கழற்றித் தனியாக வைத்த பிறகுதான் படுப்பார் என்று அவர் மனைவி பார்வதியே ஒரு ஆயுத பூஜையன்று எங்கள் முன்னால் சொல்லிச் சிரித்தாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்றைக்குப் பூஜைக்கு ஏற்றிய சூடம் முழுக்க அணைகிறவரை அந்தத் தட்டை விட்டு அவர் நகரவில்லை.

இந்தப் பயத்துக்கு ஏதாவது கதை இருக்கும் என்று நினைத்து நான் ஒருமுறை துருவிக் கேட்டேன். சின்ன வயதில் கிணற்றில் விழுந்தீர்களா, யாராவது தீயில் கருகியதைப் பார்த்தீர்களா என்று. "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பொறந்ததுலேர்ந்து இப்படித்தேன்" என்றார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவர் மீசையே வைக்கவில்லை. ஒதுக்கும்போது கத்தரி உதட்டில் படுமோ என்று அதற்கும் பயமாக இருந்திருக்கும் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

எனக்குப் பயந்த ஆண்களைக் கண்டால் ஆகாது. எங்களுக்கு உத்தனப்பள்ளி. அப்பா போன பிறகு நிலத்தைப் பார்த்ததும், ராகிக் காட்டுக்குள் யானை இறங்கினால் பட்டாசு கொளுத்தி விரட்டியதும் நானும் என் அண்ணன் மாதப்பனும்தான். மழை ஏமாற்றிய ஒரு வருஷத்தில் அண்ணன் கம்பெனிக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் நானும் வந்தேன். கார்களுக்கும் லாரிகளுக்கும் கியர் சக்கரம் செய்து, உலையில் வைத்துக் கடினமாக்கி அனுப்புகிற கம்பெனி அது. அண்ணன் உலைகளைப் பழுது பார்க்கிற பிரிவில் இருந்தான். நான் உலைக்கூடத்துக் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, ஒவ்வொரு உலையும் எத்தனை டிகிரியில் எரிகிறது என்று பதிந்துகொண்டிருந்தேன்.

அந்த உலைகள் தரைக்கு மேலே நிற்பவை அல்ல. கிணறு போல வெட்டிய பள்ளத்துக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். உலைக்குள் செலுத்துகிற வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மூக்கை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. தலை கிறுகிறுக்கிறதே என்று நினைக்கும்போது கால் மடங்கிவிடும். உலையின் அடிப்பக்கம் கரி அடைத்துக்கொள்ளும் என்பதால் மாதத்தில் சில நாள் அந்த உலையை மட்டும் அணைத்துவிட்டு, யாராவது இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கிச் சுரண்டியாக வேண்டும். பெரும்பாலும் என் அண்ணன்தான் இறங்குவான்.

பள்ளத்துக்குள் காற்றில் அந்த வாயு எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்ல ஒரு மீட்டர் இருந்தது. அது காட்டுகிற எண் என் கேபின் திரையில் பெரிதாகத் தெரியும். சாதாரணமாக ஆறு, எட்டு, ஏழு என்று ஆடிக்கொண்டே இருக்கும். முப்பத்தைந்தைத் தாண்டினால் நான் மணியை அழுத்த வேண்டும். மணி கேட்டதும், பள்ளத்தின் விளிம்பில் கயிற்றைப் பிடித்து நிற்கும் உதவியாள் திம்மராயன், உள்ளே இருக்கும் என் அண்ணனை மேலே இழுக்க வேண்டும். தானாக அலறுவதற்கு ஒரு ஹூட்டரும் முன்பு இருந்தது. காரணமே இல்லாமல் அலறுகிறது என்று அதன் ஒயரைக் கழற்றிப் போட்டு மாதக்கணக்காகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கித் தருவதாக எங்கள் மேனேஜர் ஹரீஷ்குமார் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் தினமும் பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிக் காரில் வருகிறவர். வரும்போதே போனில் பாதி வேலையை முடித்துவிடுகிற அவசரக்காரர்.

ஆக, அண்ணன் உள்ளே இருக்கிற நேரமெல்லாம் அவன் உயிர் அந்த எண்ணில் இருந்தது. அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். ஆள் பள்ளத்தில் இருக்கும்போது கேபினில் இருப்பவர் யாரோடும் பேசக் கூடாது, போன் அடித்தால் எடுக்கக் கூடாது, திரையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அண்ணன் போட்ட சட்டம் அது. கூடப் பிறந்தவளாக இருந்தாலும் அதில் அவன் எனக்குச் சலுகை தந்ததில்லை.

இனி அழகர்சாமி சாரின் வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் மேசைகளில் இருந்தவை முழுக் கம்ப்யூட்டர்கள் அல்ல. உள்ளே ஹார்ட் டிஸ்க் இல்லாத பழைய பெட்டிகள். தின் கிளையன்ட் என்று பெயர். நாங்கள் டப்பா என்போம். சுவிட்சைப் போட்டதும் டப்பா ஒயர் வழியாக மாடியறையில் இருக்கிற சர்வரைக் கூப்பிடும். சர்வர் தன் டிஸ்கில் ஒரு பங்கை அதே ஒயர் வழியாக டப்பாவுக்குக் கொடுக்கும். மெமரி போதாவிட்டால் அதையும் டப்பா சர்வரிடம்தான் வாங்கிக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கவனிக்க ஒவ்வொரு டப்பாவுக்கும் சர்வருக்குள் தனியாக ஒரு சின்ன புரோகிராம் ஓடும். நெட்வொர்க் பிளாக் டிவைஸ் என்று அதற்கு நீளப் பெயர். சார் சுருக்கி என்பிடி என்பார்.

கேன்டீனில் நாம் உட்கார்ந்ததும் சாம்பார் வாளியோடு ஒருவர் வந்து நிற்கிறார் அல்லவா, அதுபோல என்று எனக்கு விளக்கினார். சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டு எழுந்தால் அவர் போய்விடுவார். சொல்லாமல் எழுந்து ஓடினால் அங்கேயே வாளியோடு நின்றுகொண்டிருப்பார். மறுபடி வந்து உட்கார்ந்தால் நமக்கு வேறொருவர் வருவார். பழையவரும் நகர மாட்டார்.

எங்கள் கம்பெனியில் எல்லோருமே சொல்லாமல் எழுந்து ஓடுகிறவர்கள்தான். ஷிப்ட் முடிந்து சைரன் அடித்தால் கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் ராயக்கோட்டை ரோட்டில் டவுன் பஸ்ஸுக்குத் தவம் கிடக்க வேண்டும். டப்பாவை முறைப்படி மூடினால் அது யோசித்து யோசித்து அணைவதற்குள் பஸ் கேட்டைத் தாண்டிப் போயிருக்கும். ஆகவே சைரன் காதில் விழுந்ததும் சுவரிலிருக்கும் சுவிட்சைத் தட்டிவிட்டு ஓட்டம் பிடிப்பது எங்கள் வழக்கம். போதாததற்கு அந்த 2008இல் கரண்ட் கட் வேறு. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் கூடத்து டப்பாக்கள் எல்லாம் ஒருமுறை செத்துப் பிழைக்கும். சர்வருக்கு யூபிஎஸ் இருந்ததால் அது விழித்தபடியே இருக்கும். யாருக்கோ வாளி பிடித்து நின்ற பழைய ஆட்கள் உள்ளே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துபோவார்கள். கூட்டம் மிஞ்சினால் சர்வர் திணறும். அத்தனை பேர் திரையும் எருமை போல நகரும்.

சாருடைய வேலை, மிச்சம் நிற்கிற அந்த என்பிடிகளைத் தேடிப் பிடித்து அழிப்பது. பட்டியலில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். ஆள் போய்விட்டார் என்று டப்பா சொல்லாதபடியால், உயிரோடு இருப்பது எது, செத்தது எது என்று சர்வருக்கே தெரியாது. இரண்டும் இணைப்பில் இருப்பதாகவே காட்டும். உயிரோடு இருப்பதைத் தவறி அழித்துவிட்டால் அந்த டப்பா நட்டநடுவில் உறைந்துபோகும். வேறு யாராக இருந்தாலும் மாடியிலிருந்தே ஒயர் வழியாக டப்பாவைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பதில் இல்லாவிட்டால் அழித்துவிடுவார்கள். சாரும் கூப்பிட்டுப் பார்ப்பார். ஆனால் நம்ப மாட்டார். மாடியிறங்கி, கூடம் முழுக்க நடந்து, ஒவ்வொரு மேசையாக வந்து, டப்பாவில் பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்து, தொட்டும் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போய் ஒன்றை அழிப்பார். அடுத்ததற்கு மறுபடியும் இறங்கி வருவார்.

"ரோந்து வருது, ரோந்து வருது" என்று கூடத்தில் சத்தம் கொடுப்போம். அவருக்கு ரோந்து என்றே பெயர் விழுந்துவிட்டது.

"எதுக்கு சார் இப்பிடி அலையறீங்க? ஒரு டப்பா நின்னா இன்னாத்த ஆயிடும், மறுக்கா போட்டுக்கறோம்" என்று நானே ஒரு நாள் சொன்னேன்.

"எந்த டப்பாவுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியாததுல கை வைக்க வெடவெடங்குது" என்றார்.

அது நடந்தது ஒரு முற்பகல் நேரத்தில். ஏற்றுமதிக்குப் போக வேண்டிய கியர்களோடு லாரி கேட்டில் நின்றது. முந்தைய நாள் முழுக்கக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததால் சர்வர் நெரிந்துபோயிருந்தது. அனுப்பும் பிரிவில் ஒருவர் திரையிலும் எழுத்து நகரவில்லை. சரக்கு ஏறாமல் லாரி கிளம்ப முடியாது. ஹரீஷ்குமார் மாடியறைக்கே ஏறிப் போய் சாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். அங்கே நடந்ததைப் பிற்பாடு சாரே எனக்குச் சொன்னார்; ஹரீஷ்குமாரும் விசாரணையில் மறுக்கவில்லை.

"எவ்ளோ நேரம் ஆகும், அழகர்சாமி?"

"நெறைய நிக்கிது சார். போயி ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வந்துர்றேன்."

"வாக்கிங் போறதுக்கு இப்ப டைம் இல்ல. இன்னிக்குக் காலைல ஷிப்ட்டுக்கு முன்னாடி ஸ்டார்ட் ஆனது எல்லாமே பழசுதானே? நேத்து வந்தவங்க எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. பழசு எல்லாத்தையும் ஒரே கமாண்டுல கில் பண்ணுங்க."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் கம்பெனியில் ஷிப்ட் தாண்டி டப்பா எரியாது. சைரன் அடித்தால் எல்லாம் அணையும். நேற்று தொடங்கியது எதுவும் இன்றைக்கு உயிரோடு இருக்க வழியில்லை. சாருக்கு எதுவோ சரியில்லை என்று பட்டது. ஆனால் அவருக்கு எல்லா நாளும் அப்படித்தான் படும். காரணம் சொல்லச் சொன்னால் சொல்லத் தெரியவில்லை. மேனேஜருக்குப் பயப்படுவதா, பட்டியலுக்குப் பயப்படுவதா என்று திணறி, கடைசியில் பக்கத்தில் நின்ற பயத்துக்கே கட்டுப்பட்டு அழுத்திவிட்டார்.

சர்வர் மூச்சு விட்டது. கீழே அனுப்பும் பிரிவில் கை தட்டினார்கள். ஹரீஷ்குமார் அவர் தோளில் தட்டி, "இவ்ளோதான் மேட்டர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சார் எழுந்திருக்கவில்லை. அழிந்ததில் எல்லாவற்றையும் விடப் பழையதாக ஒன்று இருந்ததை அவர் கண் ஓரத்தில் பார்த்திருந்தது. அது நேற்று தொடங்கியது அல்ல. வாரக்கணக்கில் ஓடியது. அவ்வளவு பழையது எப்படி இத்தனை நாள் தன் கையில் சிக்காமல் நின்றது என்று யோசித்தார். ஒவ்வொரு முறையும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, எரிகிறது என்று விட்டுவிட்டு வந்திருக்கிறார். எந்த மேசை அது? கூடம் முழுக்க மனதுக்குள் நடந்தார். நடந்து என் கேபினுக்கு வந்தார். கம்பெனியில் சைரனுக்கு அணையாத டப்பா ஒன்றே ஒன்றுதான். வாயு எண்ணுக்காக அதற்கும் தனி யூபிஎஸ் வைத்து, யாரும் தட்டிவிடக் கூடாதென்று சுவிட்ச் மேல் டேப் ஒட்டியிருந்தோம். எல்லாவற்றையும் விடப் பழையது, எல்லாவற்றையும் விட உயிருள்ளது.

அவர் போனை எடுத்து என் கேபினைக் கூப்பிட்டார்.

என் மேசையில் போன் அடித்தது. அண்ணன் அப்போது பள்ளத்துக்குள் இருந்தான். கரியைச் சுரண்டுகிற சத்தம் கீழேயிருந்து சீராக வந்துகொண்டிருந்தது. திம்மராயன் விளிம்பில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். திரையில் ஏழு. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எவனுக்கு இந்த நேரத்தில் அவசரம் என்று எனக்கு எரிச்சல். மறுபடி அடித்தது. எங்கள் கட்டுப்பாட்டை மீறாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு. நல்ல காற்று. வழக்கமாக ஆறுக்கும் எட்டுக்கும் தத்தளிக்கிற எண் அன்றைக்கு ஏழிலேயே நின்றது. பள்ளம் இன்றைக்கு அமைதியாக இருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதி கூட வந்தது.

போன் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து வந்த சுரண்டுகிற சத்தமும் நின்றது.

ஓய்வெடுக்கிறான் என்று நினைத்தேன். ஏழு. வியர்வையைத் துடைக்கிறான். ஏழு. கத்தியை மாற்றுகிறான் போல. ஏழு. சத்தம் திரும்ப வரவில்லை. திம்மராயன் குனிந்து, "மாதப்பா" என்று கூப்பிட்டான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். நான் கண்ணாடி வழியாகக் கட்டை விரலை உயர்த்தினேன். காற்று சரியாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். திரை அப்படித்தான் சொன்னது.

அப்போது கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு அழகர்சாமி சார் ஓடி வந்தார். படிக்கட்டில் கைப்பிடியை விடாமல் இறங்குகிற மனிதர், எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்து, எழுந்து, ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கேபினுக்குள் நுழைந்து என் மவுஸைப் பிடுங்கி ஆட்டினார். திரையில் அம்பு நகரவில்லை.

"பொய்யி! அந்த நம்பரு பொய்யி! அண்ணன இழுங்க!"

நான் மணியை அழுத்திக்கொண்டே வெளியே ஓடினேன். திம்மராயன் கயிற்றை இழுத்தான். கயிறு கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள்; வரவில்லை. மேலேயிருந்து பார்த்தால் உலையின் அடியில் போகிற குழாய்க்குக் கீழே அண்ணனின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. திம்மராயன் கயிற்றை விட்டுவிட்டு, "மாதண்ணா! ஏளண்ணா!" என்று எழுந்திருக்கச் சொல்லிக் கன்னடத்தில் அலறிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். அவனுக்கு முன்னால் நான் இறங்கப் போனேன்.

சார் ஏணி வாயில் குப்புற விழுந்து மறித்துக்கொண்டார். இரண்டு கையாலும் என் காலைக் கட்டிக்கொண்டார்.

"யாரும் எறங்கக் கூடாது! எறங்கினா அடுத்த பொணம் நீங்கதேன்!"

"உடுய்யா! எங்கண்ணன்யா உள்ள!"

அவர் விடவில்லை. நான் அவர் தோளில் உதைத்தேன். கையைக் கடித்தேன். பயந்தாங்கொள்ளி நாயே என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் அழுதுகொண்டே பிடித்திருந்தார். வாசலில் மாட்டியிருந்த பாதுகாப்பு போர்டை முழுசாகப் படித்த ஒரே ஆள் எங்கள் கம்பெனியில் அவராகத்தான் இருந்திருப்பார். பள்ளத்தில் ஒருவன் விழுந்தால், காப்பாற்ற இறங்குகிறவர்களும் வரிசையாக விழுவார்கள் என்று அதில் எழுதியிருந்ததாம்.

"கயித்தத் தளர்த்துங்க! எதிர்ப்பக்கம் போயி இழுங்க! குழாயிலதேன் மாட்டிருக்கு!" என்று படுத்தபடியே கத்தினார். யாரோ ஃபேனை உருட்டி வந்து பள்ளத்துக்குள் காற்றை ஊதினார்கள். திம்மராயனும் மற்றவர்களும் கயிற்றைத் தளர்த்தி, எதிர் விளிம்புக்குப் போய் இழுத்தார்கள். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதில் குழாயிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. என் அண்ணன் தலை தொங்க மேலே வந்தான். கன்னமெல்லாம் கரி. நான் கூப்பிட்டதற்கு அவன் கண்ணைத் திறக்கவில்லை.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு யாரோ என் டப்பாவை அணைத்துப் போட்டார்கள். எண் வந்தது. ஃபேன் அவ்வளவு நேரம் ஊதிய பிறகும் இரண்டாயிரத்துக்கு மேல் காட்டியது. பக்கத்து உலையின் குழாய் இணைப்பு விட்டுப்போய், வாயு முழுக்க அண்ணன் இருந்த பள்ளத்தில் இறங்கியிருந்தது.

ஓசூர் ஆஸ்பத்திரியில் அவன் மூக்கில் குழாயோடு கிடந்தான். பிழைப்பான் என்று டாக்டர் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னார். அந்தப் பார்க்கலாமைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் வந்ததே இல்லை. யானைக்கு நேரே நின்றபோதும் வரவில்லை. நர்ஸ் செருப்பு சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவேன். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, டீக்கடை ஓரத்தில் சார் நிற்பதாகத் திம்மராயன் வந்து சொன்னான். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறாராம். சாயந்திரம் போய்ப் பார்த்தபோதும் அங்கேயே நின்றார். நான் கடித்த கையில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். என்னைக் கண்டதும் "இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறான் என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

அண்ணன் கண் விழித்தான். முதலில் என் பெயரே அவனுக்கு வரவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது. தலைவலி மட்டும் ரொம்ப நாள் போகவில்லை.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். பழசை அழிக்கச் சொன்னது நான்தான், ஆனால் எது பழசு என்று தெரிந்து அழிக்க வேண்டியது அவர் பொறுப்பு என்று ஹரீஷ்குமார் சொன்னார். சார் "அழுத்தினது நாந்தேன்" என்றார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. பார்வதிதான் வந்து அடையாள அட்டையைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போனாள்.

புதிதாக ஹூட்டர் வந்தது. சர்வருக்குப் புதிதாக ஒரு இளைஞன் வந்தான். கெட்டிக்காரன், பயம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் பழைய என்பிடிகள் தானாக அழிகிற மாதிரி எழுதி வைத்துவிட்டு, எந்நேரமும் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் டப்பாவை மட்டும் விட்டுவிட ஒரு வரி சேர்த்திருப்பதாகச் சொன்னான். வந்து பார்த்தாயா என்று கேட்டேன். "எதுக்குக்கா பார்க்கணும்? லிஸ்ட்லயே இருக்கே" என்றான்.

அண்ணன் வேலைக்குத் திரும்பியதும் பள்ளத்தில் இறங்கச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டான். பயந்துவிட்டான் என்று ஹரீஷ்குமார் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மற்ற ஆட்களும் அண்ணனைப் பார்த்து இறங்க மறுத்தார்கள். உலைகளில் கரி ஏறிக்கொண்டே போனது. யாரை வைத்தாவது இறங்க வையுங்கள் என்று மேலிடத்திலிருந்து ஹரீஷ்குமாருக்கு நெருக்கடி வந்தபோது, அண்ணன் அவரிடம் போய் தன் நிபந்தனையைச் சொன்னான். அவர் ஒப்புக்கொண்ட பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு ஓசூரில் அழகர்சாமி சார் குடியிருந்த வீட்டுக்குப் போனான்.

பார்வதி கதவைத் திறந்தாள். சார் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். அண்ணனைக் கண்டதும் சுவரோடு ஒதுங்கிக்கொண்டார். கடிபட்ட இடம் கருத்துத் தழும்பாகியிருந்தது.

அண்ணன் அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"சர்வர் ரூமுக்குத் திரும்ப வாங்க சார். மேனேஜர்கிட்ட பேசிட்டேன்."

"நான் வரலய்யா. அந்த ரூம நெனச்சாலே ஒடம்பு ஒதறுது."

"நீங்க வந்தாத்தான் நான் பள்ளத்துல எறங்குவேன்னு சொல்லிட்டேன்."

சார் அவனை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஏய்யா, ஒன்னக் கொல்லப் பாத்தவன்யா நானு. என்னய நம்பி எறங்குவியா?"

"அதனாலதான் சார். அங்க இப்ப இருக்கறவன் ராத்திரி நல்லாத் தூங்கறான். நான் உள்ள இருக்கறப்போ மேல இருக்கறவனுக்குத் தூக்கம் வரக் கூடாது. நெஞ்சு அடிச்சுக்கினே இருக்கணும். இனிமே உங்களுக்கு அடிச்சுக்கும்னு எனக்குத் தெரியும்."

பார்வதி வாசல்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சார் கையைத் தரையில் ஊன்றி எழுந்து, திங்கட்கிழமை முதல் ஷிப்ட்டுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.